மறித்தது யார்?

(கோவையில் மாணவர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



"மறி" என்கிற ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், இதைத் தமிழ்த்துறையில் பேசலாமே, இங்கே எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வினைச்சொற்கள்தான் என் ஆய்வுப் பொருள். ஆனால் இந்தச் சொல் அகராதியில் இருப்பதைவிட ரோட்டில்தான் அதிகம் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் காவல் நிலையத்தில் இருக்கிறது. அதனால் இங்கே.

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிற செய்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட செய்தி எதையும் சொல்லவில்லை, அதன் அச்சைச் சொல்கிறேன். பாதை கேட்டுப் பொதுமக்கள் சாலை மறியல். அரை மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு. வாகன ஓட்டிகள் அவதி. போலீசார் பேச்சுவார்த்தை நடத்தியதால் கலைந்து சென்றனர். இதில் மறித்தவர்கள் யார் என்று தெளிவாக இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எல்லாம் இருக்கும். ஆனால் அவர்கள் கேட்ட பாதையை முதலில் மறித்தது யார்? அந்த ஆளைச் செய்தியில் தேடிப் பாருங்கள். "பாதை அடைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது" என்று ஒரு வரி வரும். அடைத்தவர் அந்த வாக்கியத்தில் இல்லை. அரை மணி நேரம் பஸ்ஸை மறித்தவர்களுக்கு ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது, அதற்கு ஒரு சட்டப்பிரிவும் இருக்கிறது. பதினைந்து வருடமாகப் பாதையை மறித்து வைத்திருப்பவர் செய்வதற்குத் தமிழில் பெயர் கிடையாது. அவர் செய்வது "பிரச்சனை". கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் "வழக்கம்".

இனி கொஞ்சம் இலக்கணம். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எரிந்தது, எரித்தான். மடிந்தது, மடித்தான். முறிந்தது, முறித்தான். இந்த வரிசையில் மறிந்தது, மறித்தான் என்பதும் சேரும். முதல் வகை தன்வினை, அதாவது தானாக நடப்பது அல்லது தனக்குத்தானே செய்வது. இரண்டாவது பிறவினை, இன்னொன்றின் மேல் செய்வது. "மறித்தான்" இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. "மறிந்தான்" வழக்கொழிந்துவிட்டது. அதன் பழைய பொருள் திரும்பினான், மடங்கினான், கவிழ்ந்தான் என்பது. கரைக்கு வந்து மடங்கித் திரும்புகிற அலையை மறிகிறது என்பார்கள். பழைய உரைநடையில் "மறித்து" என்றால் மீண்டும், திரும்பவும் என்று பொருள்.

ஆக, இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது நிறுத்துவது அல்ல, திரும்புவது. மறித்தல் என்றால் ஒருவரை வந்த வழியே திரும்பிப் போகச் செய்வது. சாதி செய்கிற வேலையை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சமூகவியல் நூலும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் பக்கம், காங்கேயம் தாராபுரம் பகுதியில், இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. கொரங்காட்டில் செம்மறி மேய்க்கிறவர் "மறி, மறி" என்று கத்தினால் ஆட்டை நிறுத்து என்று பொருளில்லை. அடுத்தவர் காட்டுக்குள் போகிறது, முன்னால் ஓடிப் போய்த் திருப்பு என்று பொருள். வாய்க்காலில் தண்ணீரை மறித்துவிடுவது என்றாலும் அப்படித்தான். தண்ணீரை யாராலும் நிறுத்த முடியாது. மண்ணை வெட்டிப் போட்டு வேறு வயலுக்குத் திருப்பலாம். செம்மறியில் உள்ள மறி வினைச்சொல் இல்லை, குட்டியைக் குறிக்கிற பெயர்ச்சொல்; தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களில் அதையும் சேர்த்திருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் சொல்ல மாட்டேன்.

ஆட்டை மறிப்பவருக்குத் தினமும் ஓட வேண்டிய வேலை இருக்கிறது. ஆனால் பழகிய ஆடு வேலி வரை போய்த் தானே திரும்பிவிடும். அங்கே பிறவினை தன்வினையாகிவிட்டது. மறிக்க ஆள் தேவையில்லை. ஆடு தானே மறிகிறது.

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஒரு ஊர். அங்கே கம்பள நாயக்கர் தெருவில் பட்டியல் சாதி மக்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது, சைக்கிளில் போக முடியாது என்பது பல பத்தாண்டுகளாக இருந்த நிலை. 2023 டிசம்பரில் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களும் மற்றவர்களும் துணை நிற்க, அறுபது பேர் அளவில் அந்தத் தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். செய்தியைப் படித்திருப்பீர்கள். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சிறு விவரம். அந்தத் தெருவின் அடியில் மந்திரித்த பொம்மை ஒன்று புதைத்து வைத்திருப்பதாகவும், செருப்புப் போட்டு நடக்கிற ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் மூன்றே மாதத்தில் செத்துவிடுவார் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். சுவர் இல்லை, கேட் இல்லை, தடி வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. தெரு முனையில் குனிந்து செருப்பைக் கையில் எடுக்கிற வேலையை நடக்கிறவரே செய்துகொள்கிறார். போலீஸ் வந்து "உங்களை இங்கே யார் மறித்தார்கள்?" என்று கேட்டால் அவர் யாரைக் காட்டுவார்? மண்ணுக்கு அடியில் இருக்கிற பொம்மையையா?

இந்த இடத்தில்தான் "அவங்களேதானுங்க வர்றதில்ல, நாங்க யாரும் வேண்டாம்னு சொல்லல" என்கிற வாக்கியம் பிறக்கிறது. கொங்குப் பகுதியில் கள ஆய்வுக்குப் போன யாரும் இதைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கோவிலைப் பற்றிக் கேட்டால் இந்தப் பதில். டீக்கடை பெஞ்சைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில், மிகுந்த மரியாதையோடு, ஒரு "ங்க" கூடக் குறையாமல். இலக்கணப்படி அந்த வாக்கியம் பொய் இல்லை, அதுதான் வேதனை. நூறு வருடம் மறித்தால், நூற்றியோராவது வருடம் மறிப்பவர் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

மறிப்பவர் எப்போதும் வீட்டிலேயே இருந்துவிடுவதும் இல்லை. 2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோவிலுக்குத் தன் தோழியோடு போனார். ஒரு கும்பல் இருவரையும் மறித்து விசாரித்தது. பெண்ணை அனுப்பிவிட்டு அவரைக் காரில் கொண்டுபோனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் 2023இல் அவர்களில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மறித்து விசாரிப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த விசாரணையில் கேள்வி ஒன்றுதான். எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று எப்படிச் சுற்றி வந்தாலும் அது ஒரே கேள்விதான். பதில் சரியாக இருந்தால் வழி விடுவார்கள். பொம்மை மேல் உள்ள பயத்தைச் சிரித்துக் கடந்துபோக வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பயத்துக்குக் காரணம் மண்ணுக்கு அடியில் மட்டும் இல்லை.

சட்டம் இந்தச் சொல்லை எப்படிப் பார்க்கிறது? இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 339ஆவது பிரிவு, 1860இல் எழுதியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 126 ஆகிவிட்டது. எண்தான் மாறியது. ஒருவருக்கு ஒரு திசையில் போக உரிமை இருக்கும்போது, அந்தத் திசையில் போகவிடாமல் வேண்டுமென்றே தடுப்பது குற்றம். பழைய சட்டத்தில் ஒரு மாதம் வரை சாதாரணச் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். இப்போது அபராதம் 5000 ரூபாய் வரை. சாலை மறியல் செய்தவர்கள் மீது 143, 188 என்ற எண்களோடு 341ம் சேர்ந்து வந்ததே, அது இந்தக் குற்றத்துக்கான தண்டனைப் பிரிவு. போராட்டத்துக்குப் போய்வந்த தோழர்களுக்கு இந்த எண்கள் வீட்டு போன் நம்பர் மாதிரி.

"போக உரிமை உள்ள திசையில்" என்கிற சொற்களைக் கவனியுங்கள். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மறித்தாரா என்பது இரண்டாவது கேள்வி. மறிக்கப்பட்டவருக்கு அங்கே போக உரிமை இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: தனியார் வழி ஒன்றைத் தடுக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு நம்பித் தடுத்தால், அது குற்றமாகாது.

இந்த விதிவிலக்கை எடுத்துக்கொண்டு கொங்கு நாட்டு இட்டேரிக்குப் போவோம். நகரத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருக்க, காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே போகிற பாதைதான் இட்டேரி. ஆடு மாடு போகும், வண்டி போகும், பிணமும் போகும். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் ஆன பாதை. வேலி வருடத்துக்கு ஒரு முழம் உள்ளே நகர்ந்தால் இருபது வருடத்தில் இட்டேரி மறைந்துவிடும். பிறகு ஒரு கட்டைப் படல், அதற்குப் பிறகு ஒரு இரும்பு கேட், ஒரு பூட்டு. வளவில் இருக்கிறவர்கள் போய்க் கேட்டால் "பட்டா எம்பேர்ல இருக்குதுங்க" என்று பதில் வரும். அந்த நல்லெண்ண நம்பிக்கை தயாராகிவிட்டது. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மறிக்கிற உரிமையும் இருக்கிறது என்ற நம்பிக்கை இந்த மண்ணில் எத்தனை சுலபமாக "நல்லெண்ணம்" ஆகிவிடும் என்று 1860இல் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இது கொங்கின் தனிக்கதையும் இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகத் தோட்டங்களின் வழியே விடவில்லை. உறவினர்கள் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அங்கும் பேச்சு வேலியையும் நிலத்தையும் பற்றியதுதான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே 6 அன்று சுவரில் ஒரு பகுதியை அரசு இடித்தபோதும், அது எங்கள் பட்டா நிலம் என்றுதான் சொன்னார்கள். இடித்ததைக் கண்டித்து ஊரைக் காலி செய்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். யாருக்கும் வழி விடாமல் இருப்பதற்காக ஊரையே விட்டுப் போகத் தயாராக இருந்தார்கள்.

இப்போது "மறியல்" என்ற பெயர்ச்சொல்லுக்கு வருகிறேன். மறி என்பதோடு அல் சேர்ந்தது. பொரியல், அவியல், துவையல் எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. சிரிக்கிறீர்கள், ஆனால் இது ஒரே இலக்கணம்தான். பொரியல் என்ற சொல்லில் பொரித்தவர் இல்லை. தட்டில் விழுந்ததும் அதைப் பொரித்த அம்மா மறைந்துவிடுகிறார். அதே போல "மறியல்" என்ற சொல்லும் தனியாக யார் மறித்தார் என்று சொல்லாது. யாரை வேண்டுமானாலும் அதில் உட்கார வைக்கலாம். நம் நாட்டில் அதில் உட்கார வைக்கப்பட்டவர்கள் வழி கேட்டவர்கள். இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் ஒரு முனை நமக்குப் பக்கத்தில் ஈரோட்டில்தான் இருக்கிறது.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். 144 தடை போட்டார்கள். பெரியார் கைதானார். அதன்பிறகு நாகம்மையாரும் கண்ணம்மாளும் தடையை மீறி மறியலை நடத்தினார்கள். மறியலை நிறுத்தும்படி காந்தியிடம் கேட்டபோது, அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக நம் இயக்கத்தில் எப்போதும் நினைவுகூர்வார்கள். அங்கே மறியல் என்றால் கடைக்குப் போகிறவரை வாசலில் நின்று திருப்பி அனுப்புவது. சொல்லின் பழைய பொருளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. கள்ளுக்கடைக்கு எதிரான அந்த அரசியலை இன்றைக்கு அப்படியே ஏற்க வேண்டுமா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் தயக்கங்கள் உண்டு.

மூன்று வருடம் கழித்து 1924இல் வைக்கம். இங்கே கதை தலைகீழ். மார்ச் 30 அன்று மூன்று பேர், ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர், கோவிலைச் சுற்றியுள்ள தெருவை நோக்கி நடந்தார்கள். மறித்தது போலீஸ். ஏப்ரல் 13 அன்று பெரியார் போய்ச் சேர்ந்தார், இரண்டு முறை சிறை சென்றார். கைது செய்வதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுத் தடுப்புக் கட்டைகளைப் போட்டார்கள். தொண்டர்கள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்கள், மழை வெள்ளத்திலும் நின்றார்கள். இதையும் மறியல் என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். சரியாகப் பாருங்கள். அவர்கள் யாரையும் மறிக்கவில்லை. அவர்கள் மறியவில்லை. அதாவது, திரும்பிப் போகவில்லை. அந்தப் பழைய தன்வினையை எதிர்மறையில் போட்டால் வைக்கத்தில் நடந்தது அத்தனையும் அதற்குள் வந்துவிடும். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. கோவில் நுழைவு ஆணை வர 1936 ஆக வேண்டியிருந்தது.

அதே 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது. நிறைவேறியது, செப்டம்பரில் அரசாணை வந்தது. வைக்கம் நூற்றாண்டைக் கொண்டாடிய அளவுக்கு இந்த அரசாணையின் நூற்றாண்டை நாம் கொண்டாடவில்லை. இதையும் நம் தரப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ராஜாவூரில் 2023இல் நடந்த அந்த நடை, 99 வருடத்துக்கு முன்னால் அரசாணையாகவே வந்துவிட்ட ஒன்று.

இலங்கைத் தமிழில் "மறியல்" என்றால் சிறை. விசாரணைக் கைதியாக வைப்பதற்கு அங்கே விளக்கமறியல் என்று பெயர். இங்கே மறியல் செய்தவர் அங்கே மறியலில் இருப்பார். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சொல் நேர்மையானதாகத் தோன்றியது. அரசாங்கமும் மறிக்கும் என்பதை அந்தச் சொல் ஒளிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய முயன்றபோது வாசலில் ஆட்களோடு நின்று மறித்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர், தமிழர் தனிநாடு பேசிய முன்னோடிகளில் ஒருவர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டப்படி அவர் மீது வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் அவர் வெல்லவில்லை. மறித்தவருக்குத் தண்டனை கிடைத்த இப்படி ஒரு வழக்கு தமிழர் வரலாற்றில் இருக்கிறது என்று நம் பையில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் மறிப்பதையும் அடைப்பதையும் வேறாகப் பார்க்கிறது. ஒரு திசையில் போகவிடாமல் செய்தால் மறிப்பு. எந்தத் திசையிலும் எல்லையைத் தாண்டவிடாமல் செய்தால் அடைப்பு, பழைய எண் 340. கொங்கு நாட்டில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. ஊர்த்தெருவுக்குள் வரக் கூடாது என்பது முதலாவது. இரண்டாவதற்கு நம் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களைப் பாருங்கள். சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று பெயர்கள் மாறின. மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதுவரை கேட்டுக்கு வெளியே கால் வைக்க வார்டன் சம்மதம். இந்தப் பெண்கள் பெரும்பாலும் ஏழை வீடுகளிலிருந்து வந்தவர்கள், அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். வளவில் இருக்கும்வரை உள்ளே விடாதே, மில்லுக்கு வந்தபின் வெளியே விடாதே. ஒரே குடும்பத்துக்கு இரண்டு வாக்கியங்கள். "பாதுகாப்புக்காகத்தானுங்க" என்பார்கள். யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டால் அந்த வாக்கியத்துக்கும் எழுவாய் கிடைக்காது.

மறியல் செய்தால் என்ன ஆகும்? கைது செய்து திருமண மண்டபத்தில் அடைத்து மாலையில் விடுவார்கள். எங்கள் பக்கத்துத் தோழர் ஒருவர் சொல்வார்: "அந்த மண்டபத்துல எங்க சனத்துக்கு ஒரு கல்யாணம் வெக்க வாடகைக்குக் குடுத்ததில்ல. கைதாகித்தான் உள்ள போனோம். நல்ல காத்தோட்டம்."

எல்லா நாளும் அப்படி மாலையில் விட்டுவிடுவதும் இல்லை. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். விடிவதற்கு முன், மழையில், இருபதடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று அருந்ததியர் வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம். அது வீட்டுச் சுற்றுச்சுவர், மழையால் இடிந்தது என்று மறுதரப்பு சொன்னது. அன்றே நியாயம் கேட்டு மருத்துவமனைப் பக்கம் திரண்டவர்கள் மீது தடியடி நடந்தது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவனும் தோழர்களும் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். சுவரின் உரிமையாளரும் கைதானார் என்பது உண்மை. ஆனால் அந்த வாரத்தில் பேசப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சுவர் "விழுந்தது", மழை "பெய்தது", வீடுகள் "இடிந்தன", மக்கள் "பலியாயினர்". எல்லாம் தன்வினை. செய்தவர் இருந்த ஒரே வினைச்சொல் போராடியவர்களுடையது. சுவர் எழுந்த நாளில் யாரும் அதை மறிப்பு என்று எழுதி வைக்கவில்லை. அப்படி எழுதி ஒரு மனு பதிவாகியிருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியிருக்கலாம்.

மனு என்று சொன்னேன். இந்தக் கூட்டத்தில் இருக்கிற பலர் ஊரில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவர்கள் என்பதால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். அதனால் கடைசியாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், 3(1)(za) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொதுச் சொத்து, சுடுகாடு, ஆறு, கிணறு, சாலை, பாதை ஆகியவற்றைப் பயன்படுத்துவது, சைக்கிள் பைக் ஓட்டுவது, பொது இடத்தில் செருப்பும் புதுத்துணியும் போடுவது, கல்யாண ஊர்வலம், கோவில், டீக்கடை என்று நீளமான பட்டியல். இவற்றில் எதிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மறித்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. முன்ஜாமீன் கிடையாது. டி.எஸ்.பி. மட்டத்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். ஒரு மாதச் சிறை அல்லது அபராதத்தோடு முடிந்துபோகிற பிரிவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். உங்கள் மனு எந்தப் பக்கம் விழும் என்பதில் அதில் உள்ள வினைச்சொல்லுக்கும் பங்கு இருக்கிறது.

நான் பார்த்த மனுக்களில் பெரும்பாலானவை "எங்கள் பகுதிக்குச் செல்லும் பாதை அடைபட்டுள்ளதால் மிகுந்த சிரமத்திற்கு ஆளாகிறோம்" என்று தொடங்குகின்றன. அடைபட்டுள்ளது! சாக்கடை மாதிரி, தானாக. "பாதைத் தகராறு" என்று எழுதிவிட்டால் இன்னும் மோசம். தகராறு என்றாலே இரண்டு பக்கமும் சமம் என்று ஆகிவிடும், அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள், டீ கொடுப்பார்கள். இன்னார், இன்ன சாதியைச் சேர்ந்தவர், இன்ன தேதியில், இன்ன சர்வே எண்ணில் உள்ள பொதுப்பாதையில் வேலி போட்டு, பட்டியல் சாதியினரான எங்களை இன்ன திசையில் போகவிடாமல் மறித்தார், அப்போது இன்ன வார்த்தை சொன்னார் என்று எழுதுங்கள். வேலி போட்டது அவர் அப்பா என்றால் அதையும் எழுதி, இன்றைக்குப் பூட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறோம் என்று எழுதுவதாக இருந்தால், எடுக்காமல் நடந்த ஆளுக்கு என்ன நடந்தது, யார் செய்தது, எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ.விடம் புல வரைபட நகல் வாங்கி இணைத்துவிட்டால், "உரிமை உள்ள திசை" எது என்பதை அவர்களே மறுக்க முடியாது.

போன மாதம் இப்படி ஒரு மனுவை நாலு பேராகச் சேர்ந்து எழுதி ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். வாங்கியவர் முழுசாகப் படித்தார். படித்துவிட்டுப் பேனாவை எடுத்து, "பேரெல்லாம் எதுக்குங்க, பாதை அடைபட்டிருக்குன்னு மட்டும் எழுதிக் குடுங்களே, சீக்கிரம் நடக்கும்" என்றார். கூட வந்த அக்கா, அந்தப் பாதையில் தினமும் சுற்றிப் போய்த் தண்ணீர் எடுக்கிறவர், மனுவைத் திரும்ப வாங்கவில்லை. "பேரோடயே சீல் போட்டுக் குடுங்க" என்று சொல்லி, அங்கேயே நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒப்புகைச் சீட்டு வந்தது.